திரைப்படச் சான்றிதழும் குடும்பப் பார்வையும்



இலக்கிய அவையில் திரைப்படச் சான்றிதழைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்னும் ஐயம் சிலர்க்கு எழலாம். கவிதை படிப்போர் சிலர். திரைப்படம் பார்ப்போர் பலர். பள்ளி செல்லும் குழந்தை பாடநூலுக்கு வெளியே தமிழ்ச் சொல்லைக் கேட்கும் இடங்களுள் திரையரங்கும் தொலைக்காட்சியும் முதன்மையானவை. அச்சொல் எந்த அகவையினர்க்கு உரியது என்பதைத் தீர்மானிக்கும் ஏற்பாடு ஒன்று இந்நாட்டில் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக இயங்கி வருகிறது. சொல்லையே தொழிலாகவும் தவமாகவும் கொண்டோர் அவ்வேற்பாட்டை அறிந்திருத்தல் வேண்டும் என்பதே இவ்வுரையின் நோக்கம்.

நாம் அனைவரும் அறிந்த ஒரு காட்சியிலிருந்து தொடங்கலாம். ஞாயிற்றுக்கிழமை மாலை. தாய், தந்தை, பாட்டி, எட்டு வயதுச் சிறுமி என ஒரு குடும்பம் திரையரங்கில் அமர்ந்திருக்கிறது. விளக்குகள் அணைகின்றன. திரையில் முதலில் தோன்றுவது சான்றிதழ். அதனைப் படிப்பவர் அரிது. அரைமணி நேரம் கழிந்ததும் தாயின் கை சிறுமியின் கண்களை மறைக்கிறது. பாட்டியின் முந்தானையும் துணைக்கு வருகிறது. கண்ணை மூடிவிடலாம், காதை யார் மூடுவது? அரங்கமே சிரித்த வரி ஒன்றைச் சிறுமி மறுநாள் வீட்டில் சொல்லிப் பார்க்கிறாள். பொருள் அவளுக்குத் தெரியாது. அடி விழுகிறது. அடிக்குக் காரணமும் அவளுக்குத் தெரியாது. இக்குடும்பத்திற்கு அந்தச் சான்றிதழ் என்ன சொல்லியது, எதைச் சொல்லாமல் விட்டது என்பதே இங்கு ஆராயத்தக்க வினா.

சான்றிதழ் வந்த வழி

பிரித்தானியத் திரைப்படத் துறையினர் 1912இல் தமக்கெனத் தணிக்கை வாரியம் ஒன்றை நிறுவினர். 'யு', 'ஏ' என்னும் எழுத்துகள் அங்கே முதலில் வழங்கியவை. இந்தியாவில் 1918ஆம் ஆண்டுத் திரைப்படச் சட்டத்தின் வழியே, 1920இல் சென்னை, மும்பை, கொல்கத்தா, இரங்கூன் ஆகிய நகரங்களில் தணிக்கை வாரியங்கள் அமைந்தன. அவை குழந்தையின் நலத்தைவிட ஆட்சியின் நலத்தையே பெரிதும் எண்ணின. 1921இல் 'பக்த விதுரர்' என்னும் மௌனப்படம் சென்னையில் தடை செய்யப்பெற்றது. விதுரரின் தோற்றத்தில் காந்தியடிகளின் சாயல் தெரிந்ததே காரணம். கே. சுப்பிரமணியம் இயக்கி 1939இல் வெளிவந்த 'தியாகபூமி'யும் பின்னர் ஆங்கில அரசின் தடைக்கு உள்ளாயிற்று.

விடுதலைக்குப் பின்னரே அகவை என்னும் அளவுகோல் முன்னுக்கு வந்தது. 1949ஆம் ஆண்டுத் திருத்தம் எல்லார்க்கும் உரியது 'யு', வயது வந்தோர்க்கு மட்டும் உரியது 'ஏ' என இரு வகை செய்தது. 1951இல் மாநிலந்தோறும் இருந்த தணிக்கை ஒரே மைய வாரியத்தின்கீழ் வந்தது. 1952ஆம் ஆண்டுத் திரைப்படச் சட்டம் இன்றளவும் இதற்கு அடிப்படை. 1983இல் இரண்டு வகைகள் கூடின. பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டோர் பெற்றோரின் முடிவுப்படி பார்ப்பதற்குரியது 'யு/ஏ'. மருத்துவர் போன்ற குறிப்பிட்ட பிரிவினர்க்கு மட்டும் உரியது 'எஸ்'. அதே ஆண்டில் வாரியத்தின் ஆங்கிலப் பெயரிலும் தணிக்கை என்னும் சொல் நீங்கிச் சான்றளிப்பு என்னும் சொல் இடம்பெற்றது. வெட்டுவது வேறு, வகைப்படுத்துவது வேறு. பெயர் மாறியும் வெட்டும் பழக்கம் நிற்கவில்லை.

இங்குத் தமிழ்ப்பட வரலாற்றிலிருந்து ஒரு செய்தியை நினைவுகூர வேண்டும். 1951இல் வெளிவந்த 'மர்மயோகி'யே தமிழில் முதன்முதலாக 'ஏ' சான்றிதழ் பெற்ற படம் என்பர். கே. ராம்நாத் இயக்க, எம்.ஜி.ஆர். நடித்த படம் அது. அச்சான்றிதழுக்குக் காரணம் படத்தில் வரும் ஆவியுரு. 'ஏ' என்றவுடன் இன்று மக்கள் மனத்தில் தோன்றும் பொருள் வேறு. அன்று அவ்வெழுத்தின் பின்னே இருந்தது குழந்தையின் அச்சம். ஓர் எழுத்து தன் காரணத்தை மறைத்துக்கொண்டு நிற்கும்போது மக்கள் தாமே ஒரு காரணத்தைக் கற்பித்துக்கொள்வர் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

நீதிமன்றம் வகுத்த நெறி

வகைப்படுத்தும் உரிமை அரசுக்கு உண்டா என்னும் வினா 1970இல் உச்ச நீதிமன்றத்தில் விடை பெற்றது. கே.ஏ. அப்பாஸ் எடுத்த ஆவணப்படம் நான்கு பெருநகரங்களின் செல்வத்தையும் வறுமையையும் அருகருகே வைத்துக் காட்டியது. அவற்றுள் சென்னையும் ஒன்று. அவர் 'யு' கேட்டார். வாரியம் முதலில் 'ஏ' என்றது. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே 'யு' தர அரசு இசைந்துவிட்டது. எனினும் நீதிமன்றம் பொதுவினாவிற்கு விடை கூறியது. அசையும் உருவமும் ஒலியும் ஒருங்கே சேர்ந்து உள்ளத்தைத் தாக்கும் ஆற்றல் பிற கலைகளினும் திரைப்படத்திற்கு மிகுதி. எனவே அகவை கருதி வகைப்படுத்துதல் தகும் என்பது அத்தீர்ப்பின் சாரம்.

1989ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒரு தமிழ்ப் படத்தைப் பற்றியது. 'ஒரே ஒரு கிராமத்திலே' இட ஒதுக்கீட்டைப் பொருளாகக் கொண்டது. அதற்கு வழங்கிய 'யு' சான்றிதழைச் சென்னை உயர் நீதிமன்றம் நீக்கியது. உச்ச நீதிமன்றம் மீட்டளித்தது. படத்தை அளக்கும் கோல் இயல்பான அறிவும் நிதானமும் உடைய சராசரி மனிதருடையதாக இருக்க வேண்டும். எதற்கெடுத்தாலும் புண்படுவோருடையதாக இருத்தல் ஆகாது என்று அத்தீர்ப்பு உரைத்தது. 1996இல் 'பாண்டிட் குயின்' வழக்கில், கொடுமையைக் காட்டும் காட்சி அக்கொடுமையின்பால் அருவருப்பை எழுப்புமாயின் அதனை ஆபாசம் எனக் கொள்ளல் ஆகாது என்னும் கருத்தில் அப்படத்தின் 'ஏ' சான்றிதழ் நிலைபெற்றது. 'ஏ' என்பது இழிவுக் குறி அன்று. கேட்போரின் பருவத்தைக் குறிப்பது மட்டுமே. கவிஞர்கள் இதனை உளங்கொள்ள வேண்டும். முதிர்ந்தோர்க்கென ஒரு கலை இருக்கலாம், இருக்கவும் வேண்டும்.

எழுத்துக்கு விலை வந்தபோது

குடும்பத்திற்கு வழிகாட்டப் பிறந்த எழுத்து ஒருகட்டத்தில் வணிகத்தின் கருவியாயிற்று. தமிழக அரசு 2006இல் தமிழ்ப் பெயர் சூட்டிய படங்களுக்குக் கேளிக்கை வரியிலிருந்து விலக்கு அளித்தது. மொழிப்பற்றுக்குரிய நல்ல செயல் எனப் பலரும் அதனைப் பாராட்டினர். 2011இல் அவ்விலக்கிற்கு 'யு' சான்றிதழும் ஒரு நிபந்தனை ஆயிற்று. அன்றுமுதல் 'யு' என்பது பொருளிழப்பைத் தவிர்க்கும் கவசம் ஆனது. 'யு/ஏ' எனக் குழு கூறினால், எதை நீக்கினால் 'யு' கிடைக்கும் என்று தயாரிப்பாளர் கேட்கும் நிலை வந்தது. 2017 ஜூலையில் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபின் அந்த ஏற்பாடு மாறிவிட்டது; அது விட்டுச்சென்ற பாடம் மாறவில்லை.

தொலைக்காட்சியும் இவ்வாறே ஒரு நெருக்கடி. 'ஏ' சான்றிதழ் பெற்ற படத்தை அவ்வண்ணமே ஒளிபரப்ப இயலாது. ஆகவே அதே படம் சில வெட்டுகளோடு வேறோர் எழுத்தைப் பெற்று வீட்டுக் கூடத்திற்கு வருகிறது. குருதி தெறிக்கும் காட்சி பத்து நொடியிலிருந்து மூன்று நொடியாகச் சுருங்கலாம். கொன்றவன் தோளுயர்த்தி நடக்கும் பெருமிதம் சுருங்குவதில்லை. வசைச்சொல்லின் ஒலி நீங்கலாம். வசையின் நஞ்சு நீங்குவதில்லை. முதிர்ந்தோர்க்கென ஆக்கிய படைப்பு இருபுறமும் கெடுகிறது: முதிர்ந்தோர்க்கு அது முழுமையாகக் கிட்டுவதில்லை, குழந்தைக்கு அது பொருந்துவதும் இல்லை.

விதி உண்டு, செவி இல்லை

அரசு 1991இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் படிக்கத்தக்கவை. குழந்தைகள் உள்ளிட்ட குடும்பத்தினர் அனைவரும் ஒருங்கே அமர்ந்து பார்க்கத்தக்க படத்திற்கே 'யு' வழங்க வேண்டும் என அவை கூறுகின்றன. பெண்ணை இழிவு செய்யும் காட்சி ஆகாது என்கின்றன. கீழான உணர்வுகளுக்குத் தீனியிடும் இருபொருட் சொற்கள் ஆகா எனவும் வெளிப்படையாகவே விலக்குகின்றன. படத்தை உதிரிக் காட்சிகளாகப் பிரிக்காது முழுமையாக எடையிட வேண்டும் என்றும் வலியுறுத்துகின்றன. இவ்வளவும் எழுத்தில் உள்ளன.

நடப்பு எவ்வாறு இருந்தது? 'இரட்டை அர்த்த வசனம்' என்று பெயர் சூட்டும் அளவிற்குத் தமிழ்த் திரையில் அது தனி வகையாக வளர்ந்தது. தமிழ் இலக்கணம் கற்றோர்க்கு இது தனித் துயரம். நன்னூலார் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாக வகுத்தார். அவையில் சொல்லலாகாததை வேறு நல்ல சொல்லால் உணர்த்துவது இடக்கரடக்கல். 'கால் கழுவி வருகிறேன்' என்று சொல்லும் நாகரிகம் அது. திரையில் நிகழ்வதோ இதன் தலைகீழ். வீட்டில் நாள்தோறும் வழங்கும் நல்ல சொற்களான காயும் கனியும் சட்டியும் பானையும் தகாத குறிப்பிற்கு ஏவல் செய்கின்றன. சொற்பட்டியல் வைத்துத் தணிக்கை செய்வோர் கையில் இவை அகப்படுவதில்லை. எட்டு வயதுச் சிறுமி சொல்லிப் பார்த்து அடிபட்ட வரி அத்தகையதே. அவள் கூறியது வெறும் காய்கறியின் பெயர். அதன் பொருளை மாசாக்கியவர் அவள் அல்லள்.

மற்றொன்று இதனினும் கொடிது. விருப்பமில்லாப் பெண்ணைத் தெருத்தெருவாகப் பின்தொடர்வதும், வழிமறித்துப் பாடுவதும், அவள் சினத்தைக் கேலி செய்வதும் காதலின் முதற்படியாக எண்ணற்ற படங்களில் வந்துள்ளன. அவற்றுள் பல 'யு' பெற்றவை. குருதி இல்லை, ஆடைக் குறைவு இல்லை. எனவே குடும்பப் படம். 1998இல் சென்னையில் கல்லூரி மாணவி ஒருவர் இத்தகைய தொல்லையால் உயிரிழந்தார். அவ்வாண்டிலேயே தமிழகத்தில் அதற்கெனத் தடைச்சட்டம் பிறந்தது. தெருவில் செய்தால் சிறைக்குரிய செயல், திரையில் செய்தால் கைதட்டலுக்குரியதாக இருந்தது. அருகருகே அமர்ந்து அதனைப் பார்த்த அண்ணனும் தங்கையும் வெவ்வேறு பாடங்களைக் கற்றனர். ஆண் விடாது துரத்த வேண்டும் என்று அவன் கற்றான். பெண்ணின் மறுப்பிற்கு மதிப்பில்லை என்று அவள் கற்றாள். எந்த எழுத்தும் அவ்விருவரையும் காக்கவில்லை.

காரணம் கூறும் மரபு

பிறநாடுகளின் பட்டறிவு ஈண்டுக் கருதத்தக்கது. அமெரிக்கத் திரைத்துறை 1968இல், பழைய தடைப்பட்டியலைக் கைவிட்டு, அகவைவழி வகைப்பாட்டிற்கு மாறியது. 1984இல் 'இந்தியானா ஜோன்ஸ்' வரிசைப் படம் ஒன்றும் 'கிரெம்லின்ஸ்' என்னும் படமும் குழந்தைகளை மிக அச்சுறுத்துவதாகப் பெற்றோர் முறையிட்டனர். பெற்றோர் துணை என்னும் வகைக்கும், பதினேழுக்கு உட்பட்டோர் பெரியவருடன் மட்டுமே பார்க்கலாம் என்னும் வகைக்கும் இடையே ஒரு படி இல்லாமையை அது காட்டியது. பதின்மூன்று வயதைக் குறிக்கும் புதிய வகை அவ்வாண்டே உருவாயிற்று. 1990 முதல் கடுமையான வகைகளுக்குக் காரணத்தைச் சிறு தொடரில் கூறும் வழக்கமும் அங்குத் தொடங்கியது. பிரித்தானிய வாரியமும் வன்முறை எத்தகையது, சொல் எத்தகையது என்று சுருக்கமாக எடுத்துரைக்கிறது. எண் மட்டும் போதாது, காரணமும் வேண்டும் என்பது அந்நாடுகள் கண்ட தெளிவு.

இந்தியாவும் அத்திசையில் நகர்ந்துள்ளது. 2021 பிப்ரவரியில் வந்த விதிகள் இணையவழித் திரைத்தளங்களுக்கு ஏழு, பதின்மூன்று, பதினாறு என வயதுப் படிகளை வகுத்ததோடு, உள்ளடக்கம் பற்றிய குறிப்பையும் தரப் பணித்தன. 2023ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் திரையரங்கப் படங்களுக்கும் அப்படிகளைக் கொணர்ந்தது. பழைய 'யு/ஏ' இப்போது 'யுஏ 7+', 'யுஏ 13+', 'யுஏ 16+' என மூன்றாகப் பிரிந்துள்ளது. 2024ஆம் ஆண்டு விதிகள் வாரியத்தில் மூன்றில் ஒரு பங்கேனும் பெண்கள் இருக்க வேண்டும், பாதியளவு இருப்பின் நன்று என்கின்றன. கண்ணை மறைக்கும் கை தாயின் கை. ஆதலின் தீர்ப்புக் கூறும் இடத்திலும் பெண் இருத்தல் முறையே.

இச்சட்டத்தில் ஒரு கூறு பலர் கவனத்திற்கு வரவில்லை. 'யுஏ' வகையின் வயதுக்குறி பெற்றோர், காப்பாளர் ஆகியோரின் வழிகாட்டலுக்கு உரியது. பிறரைக் கட்டுப்படுத்துவது அன்று. 'ஏ' படத்திற்கு வரும் சிறுவனைத் தடுக்கும் கடமை வாயிற்காவலருக்கு உண்டு. 'யுஏ 16+' படத்திற்கு ஆறு வயதுக் குழந்தையைத் தூக்கிவரும் தந்தையைத் தடுப்பார் இலர். முடிவு குடும்பத்தின் கையில் உள்ளது. குடிமக்களின் அறிவை நம்பிய சட்டம் இது, போற்றத்தக்கதே. ஆயினும் முடிவெடுக்கும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைத்தால், முடிவெடுப்பதற்குரிய செய்தியையும் அவரிடம் தர வேண்டும் அன்றோ? சுவரொட்டியிலும் நாளிதழ் விளம்பரத்திலும் ஒரு மூலையில் சிறிதாக நிற்கும் எழுத்தும் எண்ணுமே பெரும்பாலான குடும்பங்களுக்குக் கிட்டும் செய்தி.

சொல்லறிந்தோர் கடமை

காரணம் கூறுதற்குத் தமிழில் சொல் வளம் இல்லையா? தொல்காப்பியர் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என மெய்ப்பாட்டை எட்டாக வகுத்தார். ஒவ்வொன்றும் எதன் வழியே பிறக்கும் என்றும் சொன்னார். ஒரு படம் குழந்தையிடம் எவ்வுணர்வை எழுப்பும், அது எதனால் பிறக்கும் என்று கேட்பதற்கு இதனைவிட நுட்பமான சட்டகம் தேடினும் கிடைப்பது அரிது. எள்ளலால் பிறக்கும் நகையும் உண்டு என்பதை அவர் அறிந்திருந்தார். அரங்கம் சிரிக்கிறது என்பதால் அது நல்ல நகை ஆகிவிடாது. யாரை எள்ளிச் சிரிக்கிறது என்று பார்க்க வேண்டும்.

பருவம் நோக்கும் பண்பும் இம்மொழிக்குப் புதிதன்று. செங்கீரை ஆடும் குழந்தைக்கு ஒரு பாட்டு, அம்புலியை அழைக்கும் குழந்தைக்கு ஒரு பாட்டு எனப் பிள்ளைத்தமிழ் பத்துப் பருவங்களைக் கண்டது. குழந்தை எல்லாப் பருவத்திலும் ஒன்றே என எண்ணாத மரபு இது. ஏழு, பதின்மூன்று, பதினாறு என்று சட்டம் இன்று கூறுவதன் உட்பொருளை இம்மரபில் வந்தோர் எளிதில் உணர்வர்.

ஆகவே இவ்வட்டத்தின் முன் வைக்கத்தக்க வேண்டுகோள் ஒன்றுண்டு. திறனாய்வு எழுதுவோர் நடிப்பு, இசை, ஒளிப்பதிவு பற்றி எழுதுவதோடு, குடும்பத்திற்கெனச் சில வரிகளைச் சேர்க்கலாம். அச்சம் எத்தகையது, குருதி எவ்வளவு, சொல் எத்தகையது, பெண்ணும் எளியோரும் எவ்வாறு நடத்தப்படுகின்றனர், தீமை இறுதியில் புகழப்படுகிறதா உணர்த்தப்படுகிறதா என்னும் ஐந்திற்கும் விடை தந்தால் போதும். இது தடை கோருவது அன்று. வெட்டு வேண்டுவதும் அன்று. வெட்டுக்கு மாற்றாக விளக்கம் தருவது. விளக்கம் பெருகும் இடத்தில் கத்தரிக்கு வேலை குறையும். படைப்பாளிக்கும் அதுவே நலம்.

திரைக்குப் பாட்டெழுதும் கவிஞர்க்கு இன்னுமொரு சொல். படத்திற்குச் சான்றிதழ் உண்டு. அதிலிருந்து பிரிந்து வானொலியிலும் பள்ளி ஆண்டுவிழா மேடையிலும் ஒலிக்கும் பாட்டோடு அந்த எழுத்தும் எண்ணும் உடன் செல்வதில்லை. பாட்டு எழுதிய கையே அதற்குச் சான்றளிக்கும் கை.

பெற்றோர்க்கும் ஒன்று சொல்லவேண்டும். சான்றிதழ் படம் தொடங்குமுன் முடிந்துவிடுகிறது. குடும்பத்தின் பணி படம் முடிந்தபின் தொடங்குகிறது. பின்தொடர்ந்த நாயகனைப் பற்றி, 'அவள் வேண்டாம் என்றபோது அவன் என்ன செய்திருக்க வேண்டும்?' என்று வீடு திரும்பும் வழியில் ஒரு தாய் தன் மகனிடம் கேட்டால், அக்கேள்வி எவ்வெழுத்தும் செய்யாததைச் செய்யும். எட்டு வயதுச் சிறுமி அறியாமல் ஒரு வரியைச் சொன்னால், அடிப்பதற்கு மாறாக அருகில் அமர்த்தி, 'இது கேட்போரை வருத்தும் சொல்' என்று அவள் பருவத்திற்கேற்ப எடுத்துரைக்கலாம். முந்தானை மறைத்ததை அன்புடைய சொல் விளக்கிவிடும்.

பத்தாண்டுக்காலம் நல்ல சொல்லைத் தேடிக் கூடிய அவை இது. அச்சொல்லை அரங்க வாயிலில் தயங்கி நிற்கும் குடும்பத்திற்கும் கொண்டுசெல்வது இனிவரும் ஆண்டுகளின் பணிகளுள் ஒன்றாகட்டும். வட்டம் வளர்க, தமிழ் வாழ்க.